ஒரு தீவுக்கு இரண்டு நீதிபதிகள்: ஜூரி முறையைக் கொண்டுவந்த அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன்

திருகோணமலைத் துறைமுகத்தை ஆங்கிலேயர் 1795 இல் டச்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினர். சில மாதங்களில் இலங்கையின் கரையோரம் முழுவதும் அவர்கள் கைக்கு வந்தது. 1801 ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி உயர் நீதிமன்றம் அமைக்கப்பட்டது. அதில் பிரதம நீதியரசரும் இன்னொரு நீதியரசரும் மட்டுமே இருந்தனர். இருவருமே ஐரோப்பியர். அவர்கள் முன் வந்த சாட்சிகள் பேசியதோ தமிழும் சிங்களமும். அடுத்த ஆண்டு இங்கு வந்த சட்ட அதிகாரி அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் இந்த நிலையை மாற்ற முயன்றார்.

ஜோன்ஸ்டன் 1775 இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். தந்தைக்கு மதுரையில் வேலை கிடைத்ததால் சிறுவயது அங்கேயே கழிந்தது. மிஷனரி சுவார்ட்சிடம் படித்தார், தமிழும் தெலுங்கும் கற்றார். பின்னர் இலண்டனில் சட்டம் பயின்றார். அதனால் இலங்கைக்கு வந்தபோது, இங்குள்ள மக்களின் மொழியையும் வழக்கங்களையும் ஓரளவேனும் அறிந்த அதிகாரியாக இருந்தார்.

அவர் கண்ட குறை எளிதானது. ஊர் வழக்கம் தெரியாத நீதிபதி, மொழிபெயர்ப்பாளரின் வாய்வழியே கேட்டு, யார் பொய் சொல்கிறார் என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. இதனால் விசாரணை நீண்டது, தீர்ப்பில் மக்களுக்கு நம்பிக்கை ஏற்படவில்லை. இலண்டனிலிருந்து மேலும் நீதிபதிகளை அழைத்துவரப் பெரும் பணம் வேண்டும். அப்படி வருபவர்களுக்கும் ஊர் தெரியாது.

முதலில் அவர் சட்டங்களைத் திரட்டுவதில் இறங்கினார். யாழ்ப்பாணத்தின் தேசவழமை 1707 இல் டச்சுக்காரர் காலத்திலேயே எழுதப்பட்டிருந்தது. 1806 இல் அதற்குப் பிரித்தானிய ஆட்சியிலும் சட்ட வலு வழங்கப்பட்டது. முஸ்லிம்களின் திருமண, வாரிசுரிமை வழக்கங்களும் அதே ஆண்டில் தொகுக்கப்பட்டன.

1809 இல் ஜோன்ஸ்டன் இங்கிலாந்து சென்று தன் திட்டத்தை அரசாங்கத்தின் முன் வைத்தார். 1811 இல் புதிய சாசனத்துடனும் பிரதம நீதியரசர் பதவியுடனும் திரும்பினார். அதன்படி உயர் நீதிமன்றம் கொழும்பிலேயே இருந்துவிடாமல் மாகாணங்களுக்குச் சுற்றிவர வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரைச் சொந்த நாட்டவரைக் கொண்ட ஜூரி விசாரிக்கும். சட்டத்தை நீதிபதி விளக்குவார். நடந்தது எது என்பதை ஊரை அறிந்த ஜூரிகள் முடிவு செய்வார்கள். ஆளும் பணமும் போதாத நீதிமன்றத்துக்கு அவர் ஊர் மக்களின் அறிவையே துணையாகச் சேர்த்தார். விசாரணைகள் விரைவாக முடிந்ததாகவும் செலவு குறைந்ததாகவும் பின்னர் 1825 இல் எழுதிய கடிதமொன்றில் அவர் எடுத்துரைத்தார்.

அந்த முறைக்குக் குறைகளும் இருந்தன. ஜூரிப் பட்டியல்கள் சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டன. பெண்களுக்கு இடமில்லை. பட்டியலில் இருந்தவர்களுள் பலர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். இப்போது கிடைத்திருக்கும் உரிமைக்கு ஈடாக அடிமைகளின் பிள்ளைகளை விடுவியுங்கள் என்று ஜோன்ஸ்டன் அவர்களை வற்புறுத்தினார். 1816 ஓகஸ்ட் 12 க்குப் பிறகு பிறக்கும் குழந்தைகள் சுதந்திரமானவர்கள் என அவர்கள் இணங்கினர். ஆனால் பெற்றோர் அடிமைகளாகவே இருந்தனர். அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிய 1844 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1819 இல் பதவியை விட்டுச் சென்ற ஜோன்ஸ்டன், 1823 இல் இலண்டனில் ராயல் ஆசியக் கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவரானார். பின்னர் பிரிவிக் கவுன்சிலிலும் இடம்பெற்றார். 1849 இல் காலமானார்.

அவர் கொண்டுவந்த ஜூரி முறை இன்னும் நம் சட்டத்தில் இருக்கிறது. இப்போது ஜூரிகள் ஏழு பேர். எந்த மொழி ஜூரி வேண்டும் என்று தெரிவு செய்யும் உரிமை எதிரிக்கு உண்டு. பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்த உரிமை இல்லை. இதன் பொருளை மூதூர் பக்கத்து மக்கள் நன்கறிவர். 1996 பெப்ரவரி 11 இல் குமாரபுரத்தில் 24 தமிழர்கள் கொல்லப்பட்டனர். அந்த வழக்கு அநுராதபுரம் மேல் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. உயிர் தப்பியவர்கள் அங்கு போய்ச் சாட்சி சொன்னார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 2016 ஜூலையில், முன்னாள் இராணுவத்தினர் ஆறு பேரையும் ஜூரி விடுதலை செய்தது.

நீதிமன்றம் மக்களிடம் போக வேண்டும், ஊரை அறிந்தவர்கள் உண்மையைத் தீர்மானிக்க வேண்டும் என்பதே 1811 இன் ஏற்பாடு. குமாரபுரத்தில் மக்கள்தான் நீதிமன்றத்தைத் தேடி வேறு மாவட்டத்துக்குப் போனார்கள். ஜூரி முறையைச் சீர்திருத்துவது பற்றிப் பேசும்போதெல்லாம் நீதிபதிகளின் எண்ணிக்கையும் தேங்கிய வழக்குகளின் எண்ணிக்கையும் கணக்கில் வருகின்றன. வழக்கு எந்த ஊரில், எந்த மொழியில், யார் முன்னிலையில் கேட்கப்படுகிறது என்ற கேள்வியும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.