விதைத்தவன் கேட்ட பங்கு

இரண்டு கொள்ளைக் கூட்டங்கள் கூறுபோட்டுக்கொண்ட ஊருக்குள் தன்னந்தனியே வருகிறான் ஒருவன். இடுப்பிலே துப்பாக்கி, வாயிலே சுருட்டு. இரு கூட்டத்தையும் மோதவிட்டு இரண்டையும் ஒழிக்கிறான். 1964இல் இத்தாலியர் செர்ஜியோ லியோனி எடுத்த அந்தக் கௌபாய் படத்தை உலகமே கைதட்டிப் பார்த்தது. கைதட்டியவர்களில் எத்தனை பேர் கேட்டனர், இந்தக் கதையை விதைத்தவன் யார் என்று?

ஜப்பானிலே ஒருவர் கேட்டார். அவர்தான் அகிரா குரோசாவா.

1910 மார்ச் 23இல் டோக்கியோவில் பிறந்தார். தந்தை, பிரபுக்களுக்காக வாளேந்திய சாமுராய் வழிவந்தவர். சினிமா பார்த்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று அஞ்சாமல், தாமே கொட்டகைக்கு அழைத்துச் சென்றவர். அண்ணன் ஹெய்கோவோ, ஊமைப் படங்களுக்குத் திரையருகே நின்று கதை சொல்லிப் பிழைத்தவர். பேசும் படம் வந்தது; பேசிப் பிழைத்தவரின் பிழைப்பு போயிற்று. கதைசொல்லிகளின் வேலைநிறுத்தத்திற்கு முன்னின்றார் அண்ணன். போராட்டம் தோற்றது. 1933இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அண்ணனை இழந்த தம்பி 1936இல் உதவி டைரக்டராக ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார். 1943இல் முதல் படம் தந்தார். 1948இல் தோஹோ நிறுவனத்தின் ஆட்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர்கள் ஸ்டூடியோவைத் தம் வசமாக்கினர். ஆகஸ்டு 19 அன்று போலீஸ் சூழ்ந்தது. அமெரிக்கப் படையின் டாங்கிகளும் விமானங்களும் துணைக்கு வந்தன! கேமராவும் கலப்பை போன்ற கருவிதானே, அதை எதிர்க்க டாங்கி எதற்கு? குரோசாவா அந்த நிறுவனத்தை விட்டு விலகிச் சில ஆண்டுகள் வேறிடங்களில் படமெடுத்தார். 1951இல் வெனிஸ் விழாவில் அவருடைய ‘ராஷோமோன்’ தங்கச் சிங்கம் பரிசு பெற்றது.

பின்னர் தோஹோவுக்குத் திரும்பிய அவர், 1954இல் ‘ஏழு சாமுராய்’ படத்தைத் தந்தார். கொள்ளையர் கையில் சிக்கிய ஏழை உழவர்கள், தாங்கள் மட்டமான தானியத்தைத் தின்று, விளைந்த அரிசியைக் கூலியாகக் கொடுத்து ஏழு வீரர்களை அமர்த்துகிறார்கள். நால்வர் மடிகிறார்கள், நால்வருமே துப்பாக்கிக்கு இரையாகிறவர்கள். முடிவிலே உழவர்கள் பாட்டுப் பாடி நாற்று நடுகிறார்கள். எஞ்சிய மூவரும் கல்லறைகளைப் பார்த்து நிற்கிறார்கள். வெற்றி வாளுக்கல்ல, ஏருக்கு!

குதிரையின் வேகத்தையும் பரந்த வெளியையும் திரையிலே ஆள்வதற்கு அமெரிக்க டைரக்டர் ஜான் ஃபோர்டின் கௌபாய் படங்கள் அவருக்குப் பள்ளிக்கூடம். அதை அவர் ஒளிக்கவில்லை. கற்றதைத் தம் மண்ணிலே நட்டார். தம் மக்களின் கண்ணீரைப் பாய்ச்சினார். 1960இல் ஹாலிவுட் அந்தக் கதையை உரிமை பெற்று, மூலத்தின் பெயரையும் சொல்லி, மெக்சிகோ கிராமத்துக் கதையாக்கியது. வாள் துப்பாக்கியாயிற்று, அரிசி டாலராயிற்று. அது முறை.

ஆனால், அவர் 1961இல் எடுத்த ‘யோஜிம்போ’ படத்திற்கு அந்த முறை கிட்டவில்லை. இரு கும்பல்களுக்கு நடுவே வந்த சாமுராயை லியோனி கேளாமலே கௌபாய் ஆக்கினார். குரோசாவாவும் தோஹோவும் வழக்குக்கு நின்றனர். கடைசியில் உலக வசூலில் நூற்றுக்கு 15 பங்கும், ஜப்பான், தைவான், தென்கொரியா நாடுகளின் வெளியீட்டு உரிமையும் கிடைத்தன. பேராசை என்றா சொல்வது? உழைத்தவன் தன் பங்கைக் கேட்பது பிச்சையுமல்ல, பேராசையுமல்ல!

புகழ் சோறு போடவில்லை. 1970இல் ஒரு படம் தோற்றது. பணம் போட ஆளில்லை. 1971இல் அவரும் அண்ணன் சென்ற வழியிலே செல்ல முயன்றார், உயிர் பிழைத்தார். சோவியத் நாடு அழைத்தது. அங்கே எடுத்த ‘டெர்சு உசாலா’ 1975இல் வெளிவந்து ஆஸ்கார் வென்றது. 1958இல் அவர் எடுத்த ‘மறைந்த கோட்டை’யிடமிருந்து தம் விண்வெளிப் படத்திற்கு வழி கற்றதாக ஒப்புக்கொண்ட அமெரிக்கர் ஜார்ஜ் லூகாஸ், 1980இல் ‘ககெமுஷா’ வெளிவரக் கைகொடுத்தார். கடன் பட்டவர் கடனைத் தீர்த்தார்.

1998 செப்டம்பர் 6இல், 88 வயதில் கண் மூடினார் குரோசாவா.

தோழர்களே! கலைக்கு எல்லைக் கோடு இல்லை. ஜப்பான் அமெரிக்காவிடம் கற்கலாம்; இத்தாலி ஜப்பானிடம் கற்கலாம். ஆனால் கற்பது வேறு, கவர்வது வேறு. வயலிலே விளைந்தாலும் திரையிலே விளைந்தாலும், விதைத்தவனை மறந்து அறுப்பது அறமாகாது!