இரமணரும் கமலாவும்

இரமண மகரிஷி 1879ஆம் ஆண்டு தமிழ்நாட்டிலுள்ள திருச்சுழியில் பிறந்தார். அவரது இயற்பெயர் வேங்கடராமன். 16ஆம் வயதில் வீட்டைத் துறந்து, 1896இல் திருவண்ணாமலையை அடைந்தார். அதன்பின் தம் வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்கிவிட்டார்.

அவர் மலைமேல் கந்தாசிரமத்தில் வாழ்ந்தபோது, கமலா என்னும் இளம் நாய் அங்கு வந்து சேர்ந்தது. ஆண்டுதோறும் குட்டிகள் பெருகிவிடுமே என்று அஞ்சிய அடியார்கள், அதை விரட்ட முயன்றனர். கமலாவோ போகவில்லை. அவர்கள் அஞ்சியபடியே குட்டிகளும் பெருகின. ஆயினும், அவை அனைத்தும் ஆசிரமத்தில் அன்போடு வளர்க்கப்பட்டன. கமலா முதன்முறை குட்டி ஈன்றபோது, அதனை நீராட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் இட்டனர். பத்தாம் நாள் விருந்தும் நடந்தது.

இரமணர் விலங்குகளை ‘அது’ என்று சொல்வதில்லை. ‘அவன்’, ‘அவள்’ என்றே குறிப்பிடுவார். ஆசிரமத்தில் நாய்களுக்கு உணவிட்ட பிறகே மற்றவர்களுக்குப் பரிமாறப்பட்டது.

அந்த அன்புக்குக் கமலா கைம்மாறு செய்தாள். மலைக்குப் புதியவர் எவரேனும் வந்தால், சுற்றிக் காட்டும் பொறுப்பை இரமணர் அவளிடமே ஒப்படைப்பார். அவள் முன்னே நடந்து, கோயில்களையும் குளங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டி அழைத்து வருவாள். வழி தெரியாமல் வந்தவருக்கு அவள் நல்ல துணையானாள்.

இரமணர் 1950இல் மறைந்தார். ஜாக்கி என்ற மற்றொரு நாயின் சமாதியை இன்றும் இரமணாசிரமத்தில் காணலாம். வேண்டாமென்று விரட்டப்பட்ட உயிரும் அன்பு கிடைத்தால் பிறருக்குத் துணையாகும் என்பதைக் கமலாவின் வாழ்வு உணர்த்துகிறது.