நிமிர மறுக்கப்பட்ட முதுகெலும்பு

வெண்ணந்தூரில் நான் வளர்ந்த வீட்டில் விடியலுக்கு முன்பே ராட்டைச் சத்தம் கேட்கும். தறியில் அமர்ந்தவருக்குக் கூலி உண்டு. அருகில் குனிந்து தார் சுற்றிய என் தாய்க்குக் கிடையாது. பின்னாளில் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தபோது, கணக்கில் வராத உழைப்பு என்று அதைக் கரும்பலகையில் எழுதினேன். அவ்வுழைப்பு ஒரு முதுகெலும்பை என்ன செய்தது என்பதை நான் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தவர் நடன இயக்குநர் சந்திரலேகா.

மகாராஷ்டிரத்தின் வாடாவில் 1928-இல் பிறந்த அவர், சென்னைக்கு வந்து காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம் பரதம் பயின்றார். 1952-இல் அவரது அரங்கேற்றம் ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்காக நடந்தது. யமுனையில் நீராடும் பெண்களை அபிநயித்துக் கொண்டிருந்தபோது, வெடித்துக் கிடந்த ராயலசீமா நிலம் அவர் மனக்கண்முன் தோன்றியது. மேடையில் நீர் பெருகுகிறது. நிதியோ நீரின்மைக்காகத் திரட்டப்படுகிறது. இம்முரண் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. ஏரி வறண்ட கோடைகளைக் கண்டு வளர்ந்த எங்களுக்கு அந்தத் தவிப்பு எளிதில் விளங்கும்.

படிப்படியாக மேடையை விட்டு விலகினார். சுவரொட்டிகள் வடிவமைத்தார், பெண்கள் இயக்கத்தில் ஈடுபட்டார். 1982-இல் சதானந்த் மேனனுடன் சேர்த்து அவர்மீது தேசத்துரோக வழக்குப் பதிவாகி, பின்னர் கைவிடப்பட்டது.

1985-இல் ‘அங்கிகா’வுடன் நடன இயக்குநராகத் திரும்பினார். பரதத்துடன் களரியும் யோகமும் இணைந்தன. ஒப்பனையும் தெய்வக் கதைகளும் விலகின. ஆடுவோர் ஒரு நிலையில் நெடுநேரம் நின்றபோது சிற்பமாகவே தோன்றினர். ஆனால், அச்சிற்பம் மூச்சுவிட்டது. நின்ற இடத்தைச் சுற்றியிருந்த வெளியையும் செதுக்கியது. மரபுவாதிகள் சிலர் முகம் சுளித்தனர், அவர் பொருட்படுத்தவில்லை. 1989-இல் பாஸ்கரரின் கணித நூலான ‘லீலாவதி’யையும் நடனமாக்கினார்.

1991-இல் வந்தது ‘ஸ்ரீ’. அதில் பெண்கள் முதுகு வளைந்து, முழங்கால் மடித்து, தரையோடு தரையாக நகர்கிறார்கள். அந்த முதுகெலும்புகள் மெல்ல நிமிர்கின்றன. இறுதியில் பல கரங்கள் கொண்ட பெண்ணுரு எழுகிறது. சென்னையில் அதைக் கண்ட மாலை, என் தாய் நிமிர்ந்து நின்ற காட்சியை நினைவில் தேடினேன், கிடைக்கவில்லை.

2001-இல் ‘சரீரா’வை உருவாக்கிய சந்திரலேகா, 2006 டிசம்பர் 30-இல் சென்னையில் மறைந்தார். அவரது குழுவில் ஆடிய பத்மினி செட்டூர், 2012-இல் ‘வால் டான்சிங்’ என்ற படைப்பை உருவாக்கினார். அதில் ஆடுவோர் கலைக்கூடச் சுவர்களையொட்டி மெதுவாக அசைகின்றனர். சிற்பக் கண்காட்சியில் உலவுவதுபோல் பார்வையாளர்கள் அவர்களிடையே நடக்கின்றனர். எங்கு நிற்பது, யாரைப் பார்ப்பது என்பதைப் பார்வையாளரே தீர்மானிக்க வேண்டும். பார்ப்பவருக்கும் பொறுப்பு உண்டு என்பதே அதன் பொருள் என எனக்குத் தோன்றுகிறது.

2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு தழுவிய நேரப் பயன்பாட்டு ஆய்வை முதன்முறையாக நடத்தியது. ஊதியமற்ற உழைப்பின் மணிநேரங்களேனும் எண்ணப்படுகின்றன; என் துறை வரவேற்க வேண்டிய முன்னேற்றம் இது. எண்ணியபின் கூலியிலும், மருத்துவ உதவியிலும், முதியோர் ஓய்வூதியத்திலும் அக்கணக்கு எதிரொலிக்க வேண்டும். வளைந்த முதுகைக் கலை நமக்குக் காட்டிவிட்டது. அதை நிமிர்த்தும் கடமை நமக்கும் அரசுக்கும் உரியது.