பாதியில் முழுமை கண்ட ராஸ் ஹாரிசன்

நாளெல்லாம் கையைக் கொண்டு உழைக்கும் நாம், அக்கை கருவினுள் எங்ஙனம் உருப்பெற்றது என எண்ணுவது அரிது. அவ்வினாவை ஆய்வுக்கூடத்தில் எழுப்பிய முன்னோடிகளுள் ஒருவர் ராஸ் கிரான்வில் ஹாரிசன். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரைச் சார்ந்த ஜெர்மன்டவுனில் 1870-இல் பிறந்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1894-இல் முனைவர் பட்டமும், ஜெர்மனியின் பான் நகரில் 1899-இல் மருத்துவப் பட்டமும் பெற்றார். 1907-இல் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அவ்வாண்டே தவளைக் கருவின் நரம்புத் திசுவை நிணநீர்த் துளியொன்றில் உயிருடன் காத்து, அதிலிருந்து நரம்பிழை நீள்வதைக் கண்டு உலகுக்கு உரைத்தார். திசு வளர்ப்பு முறை அங்கே வேர்கொண்டது.

எனினும் நம்மை வியக்கவைப்பது அவர்தம் சாலமாண்டர் ஆய்வே. சாலமாண்டர் பல்லியின் தோற்றமுடையது, தவளைக்கு உறவானது. அதன் கருவில் முன்கால் முளைக்கவிருக்கும் இடத்தில் வட்டமான திசுப்பகுதி ஒன்றுண்டு. அதனை ஹாரிசன் பெயர்த்தெடுத்து விலாவில் நட்டார். அங்கே கால் வளர்ந்தது. வட்டத்தில் பாதியை அகற்றினார். எஞ்சிய பாதியிலிருந்து அரைக்கால் அன்று, முழுக்காலே தோன்றியது. இரு வட்டங்களை இணைத்தபோதும் ஒரே கால் உருவாயிற்று. இன்ன அணு இன்ன விரலாகும் என்பது தொடக்கத்தில் விதிக்கப்பட்டிருக்கவில்லை என்பதை 1918-இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். மேல்தோலன்று, அதன் கீழுள்ள நடுப்படையே காலாகும் ஆற்றலை ஏந்தியிருப்பதையும் காட்டினார்.

இடப்பக்க வட்டத்தை வலப்பக்கத்தில் நட்டது இன்னும் நுட்பமானது. மேல்கீழ் மாறாமல் நட்டால் முன்பின் தலைகீழாகும். அப்போது கால் திசைமாறியே வளர்ந்தது. முன்பின் மாறாமல், மேல்கீழைப் புரட்டி நட்டாலோ, அவ்விடத்துக்குப் பொருந்திய வலக்கால் வளர்ந்தது! முன்பின் திசை முதலில் உறுதியாகிறது. மேல்கீழ்த் திசை பின்னரே என்பது இதனால் புலனாயிற்று.

இத்தகைய அறிஞருக்கு நோபல் பரிசு கிட்டவில்லை. 1917-இல் குழுவினருள் பெரும்பான்மையினர் அவரைப் பரிந்துரைத்தும் அவ்வாண்டு மருத்துவப் பரிசு எவர்க்கும் வழங்கப்படவில்லை. 1933-இல் மீண்டும் அவர் பெயர் வந்தபோது, கண்டுபிடிப்பு பழையது, அம்முறையின் பயனும் சிறிதே என ஒதுக்கினர். போலியோ நச்சுயிரியைத் திசு வளர்ப்பில் பெருக்கியவர்க்கு 1954-இல் அதே பரிசு வழங்கப்பட்டது. அன்று ஹாரிசன் உயிரோடிருந்தார். அச்செய்தி நமக்கு இன்றும் உறுத்துகிறது.

1959-இல் அவர் மறைந்தார். கோழிக் குஞ்சின் சிறகு அரும்பில் முன்பின் திசையை வகுக்கும் புரதம் இன்னதென 1993-இல் அறியப்பட்டது.