ராபர்ட் மோக்: சின்தசைசரைத் துண்டு துண்டாகக் கட்டியவர், முதல் மாடுலர் வாங்குபவர்களுக்கு அவர் கதை ஏன் முக்கியம்?

அலமாரி சைஸில் ஒரு பெட்டி. முகப்பு முழுக்கக் குமிழ்கள், துளைகள். நூடுல்ஸ் போலத் தொங்கும் கேபிள்கள். மாடுலர் சின்தசைசரை முதல்முறை பார்க்கும் எவருக்கும் தலை சுற்றும். வாங்க ஆசைப்படுபவர்களுக்கோ இன்னொரு கேள்வியும் வரும்: இதில் எதை முதலில் வாங்குவது?

இந்தக் கருவியை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவரான ராபர்ட் மோக்கின் வாழ்க்கையைப் பார்த்தால், அதற்கு ஒரு வழி கிடைக்கிறது.

யார் இந்த மோக்?

1934 மே 23 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். பெயரைப் பலரும் 'மூக்' என்பார்கள். 'மோக்' என்பதுதான் சரி. அப்பா மின்சார நிறுவனத்தில் இன்ஜினீயர். அம்மாவுக்கு மகனைப் பியானோ கலைஞராக்க வேண்டும் என்று ஆசை. மகன் பியானோ கற்றாலும், மனசு என்னவோ அப்பாவின் பட்டறைப் பக்கம்தான் போனது.

பள்ளியில் படிக்கும்போதே, பத்திரிகையில் வந்த கட்டுரையைப் பார்த்து தெரமின் ஒன்றைச் செய்தார். தொடாமலே, கைகளைக் காற்றில் அசைத்து வாசிக்கும் மின்னணுக் கருவி அது. 1954இல் அப்பாவும் மகனும் சேர்ந்து தெரமின் விற்கும் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பிறகு, வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கிட்டாகவும் விற்றார் மோக். இதற்கு நடுவே படிப்பும் தொடர்ந்தது. 1965இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

காலிங் பெல் பட்டனில் பிறந்த யோசனை

1963இல் ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசையமைப்பாளரைச் சந்தித்ததுதான் திருப்புமுனை. புதுப்புது ஒலிகளைத் தேடிக்கொண்டிருந்தவர் டாய்ச். 1964 கோடையில், நியூயார்க் மாநிலத்தின் டிரூமன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் இருந்த மோக்கின் பட்டறைக்கு வந்தார்.

மோக் முதலில் செய்தது ரொம்ப சிம்பிள். ஒலியை உண்டாக்க ஆசிலேட்டர், அதன் அளவைக் கூட்டிக் குறைக்க ஆம்ப்ளிஃபையர். இரண்டையுமே கையால் மட்டுமல்ல, வோல்டேஜாலும் கட்டுப்படுத்தலாம். மோக்கின் கருவிகளில் ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி மேலே போகும். ஒரு துண்டின் வெளியீட்டை இன்னொரு துண்டில் கேபிளால் செருகிவிட்டால், ஒன்று மற்றொன்றை இயக்கும். மாடுலர் என்பதன் அடிப்படை இதுதான்.

ஆனால், ஒலி தொடர்ந்து ஒரே மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. பியானோ போலச் சட்டென எழுந்து மெல்ல அடங்க வேண்டும் என்று டாய்ச் கேட்டார். அருகிலிருந்த ஹார்டுவேர் கடையில் ஒரு காலிங் பெல் பட்டன் வாங்கி வரச் சொன்னார் மோக். பட்டனை அழுத்தினால் ஒலி எழும், விட்டால் அடங்கும். என்வலப் எனும் துண்டின் தொடக்கம் அது.

அடுத்து, இசையமைப்பாளர் விளாதிமிர் உசாசெவ்ஸ்கி அந்த என்வலப்பை நான்கு கட்டங்களாகப் பிரிக்கும்படி கேட்டார். எழுவது, சற்று இறங்குவது, நிலைப்பது, அடங்குவது. இன்றும் சின்தசைசர்களில் அதே நான்கு கட்டங்கள்தான். ஒலியின் கூர்மையைச் செதுக்கும் ஃபில்டரும் சேர்ந்தது. மோக்கின் ஃபில்டருக்கு 1969இல் காப்புரிமை கிடைத்தது.

கவனிக்க வேண்டியது இதைத்தான்: முழு அலமாரியையும் வரைந்துவிட்டு மோக் வேலையைத் தொடங்கவில்லை. இசைக் கலைஞர் ஒருவர் குறை சொன்ன பிறகே புதிய துண்டு வந்தது.

(அதே காலத்தில் கலிபோர்னியாவில் டான் புக்லா என்பவரும் தனியாக மாடுலர் கருவி செய்துகொண்டிருந்தார். அவர் வழி வேறு. பியானோ கீபோர்டே வேண்டாம் என்றார்.)

புகழ் வந்தது, பெயர் போனது

1968இல் வெண்டி கார்லோஸ், மோக் கருவியில் பாக்கின் இசையை வாசித்து ஓர் ஆல்பம் வெளியிட்டார். கருவியில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும். எனவே ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பதிவுசெய்து அடுக்கினார். ஆல்பம் மூன்று கிராமி விருதுகளை வென்றது. 1969இல் பீட்டில்ஸ் குழுவும் மோக்கைப் பயன்படுத்தியது. அதே ஆண்டு, அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மோக் மாடுலருடன் மின்னணு இசைக்கூடம் அமைந்தது.

1970இல் வந்த மினிமோக், கேபிளே இல்லாமல் முக்கியமான துண்டுகளை ஒரே பெட்டியில் அடக்கியது. மேடைக் கலைஞர்கள் கொண்டாடினார்கள். ஆனால் கடன் நெருக்கியது. 1971இல் நிறுவனத்தின் கட்டுப்பாடு கைமாறியது. 1973இல் நார்லின் நிறுவனம் அதை வாங்கியது. 1977இல் மோக் வெளியேறினார்.

வட கரோலினாவுக்குப் போய், வேறு பெயரில் சிறிய நிறுவனம் தொடங்கி மறுபடியும் தெரமின் செய்தார். தன் சொந்தப் பெயரைக் கருவிகளில் போட அவருக்கு உரிமை இல்லை. சட்டப் போராட்டத்துக்குப் பிறகு, 2002இல்தான் அந்தப் பெயர் திரும்பக் கிடைத்தது. 2005 ஆகஸ்ட் 21 அன்று, மூளைக் கட்டியால், 71 வயதில் காலமானார்.

இன்று முதல் மாடுலர் வாங்குபவர் என்ன செய்யலாம்?

இன்று அதிகம் புழங்குவது, ஜெர்மனியின் டீட்டர் டோஃபர் 1990களில் கொண்டுவந்த யூரோரேக் என்ற சிறிய வடிவம். சுருதிக்கு அதே 'ஒரு வோல்ட், ஒரு ஸ்தாயி' கணக்குதான். ஆயிரக்கணக்கான துண்டுகள் சந்தையில் இருக்கின்றன. அங்கேதான் புதியவர்கள் பணத்தை விடுகிறார்கள்.

மோக் போன வழியிலேயே போகலாம். முதலில் ஓர் ஆசிலேட்டர், ஒரு ஃபில்டர், ஓர் ஆம்ப்ளிஃபையர், ஓர் என்வலப், வாசிக்க ஒரு கீபோர்டு அல்லது சீக்வென்சர். ஒரு குரலுக்கு இது போதும். பெட்டியையும் பவர் சப்ளையையும் மட்டும் தேவையைவிடச் சற்றுப் பெரிதாக வாங்குங்கள். பின்னால் மாற்றினால் செலவு இரட்டிப்பாகும்.

பிறகு சில வாரங்கள் வாசித்துப் பாருங்கள். எது குறைகிறது என்று உங்கள் காதே சொல்லும். அடுத்த துண்டு அதுதான். எப்போதும் ஒரே மாதிரிதான் கேபிள் செருகுகிறீர்கள் என்றால், உங்களுக்குத் தேவை மாடுலரே அல்ல, மினிமோக் போன்ற ஒற்றைப் பெட்டியாகவும் இருக்கலாம்.