ஏழை உழவரின் வங்கி கண்ட றைபைசன்

செல்வம் உடையவனுக்கே கடன் எளிதிற் கிடைக்கும் என்பது உலக இயல்பு. காணி உறுதியையோ பொன்னையோ கொண்டு சென்று ஈடு வைப்பவனை வங்கி வரவேற்கும். சிறிதளவு நிலமும் உழைக்கும் கைகளுமே முதலாக உடையவன் வட்டிக்காரனின் வாயிலில் நிற்பான். இந்த இயல்பை மாற்றி, அத்தகைய சிறு உழவரையே ஒரு வங்கியின் உரிமையாளராக்கிக் காட்டியவர் ஜேர்மனியரான பிறீட்றிக் வில்ஹெல்ம் றைபைசன். அவருடைய வாழ்க்கையை நான் விரும்பிக் கற்றமைக்கு அவர் அடைந்த வெற்றி மாத்திரம் காரணமன்று. தாம் நல்லதென நம்பிச் செய்த தருமம் நிலைக்கவில்லை எனக் கண்டபோது, அதனை விட்டு வேறுவழி தேடும் துணிவு அவரிடம் இருந்தது. அத்துணிவே என்னை ஈர்த்தது.

றைபைசன் 1818ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள், சீக் ஆற்றங்கரையிலுள்ள ஹம் என்னும் ஊரிற் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளுள் அவர் ஏழாமவர். தந்தையார் நோயுற்று இயலாதவராகவே, குடும்பப் பாரம் முழுவதும் தாயார்மீது விழுந்தது. உயர்கல்விக்கு வசதி இருக்கவில்லை. ஊர்ப் போதகர் ஒருவரிடம் பாடங் கேட்டதே அவர் பெற்ற மேற்படிப்பு. பதினேழாம் வயதிற் பீரங்கிப் படையிற் சேர்ந்தார். ஆனால் கண்ணோய் அவரைப் பற்றிக்கொண்டது. 1843இல் படையை விட்டு விலகி, அரசாங்க நிருவாக சேவையிற் புகுந்தார்.

1845இல், இருபத்தேழு வயதில், வெஸ்டர்வால்ட் என்னும் மலைப்பாங்கான பிரதேசத்திலுள்ள வையர்புஷ் பகுதிக்குத் தலைமை அதிகாரியாக நியமிக்கப்பட்டார். பல சிற்றூர்களை ஒருங்கே ஆளும் அப்பதவி, நம் நாட்டுப் பழைய மணியகாரர் பதவியை ஒருவாறு ஒத்தது எனலாம். மண் வளங் குன்றிய நாடு அது. பண்ணையடிமை முறை ஒழிந்து உழவர் சுதந்திரம் பெற்றிருந்தனர்; ஆயினும் கையிற் பணம் இருக்கவில்லை. வட்டிக்குப் பணம் கொடுப்போரும் மாட்டைக் கடனாக விடுவோருமே அவர்களுக்குப் புகலிடமாயினர். கடனாக வந்த மாடு உழவனின் கொட்டிலில் நின்று அவன் இட்ட புல்லைத் தின்னும். ஆனால் அதன் உரிமை வியாபாரியிடமே இருக்கும். தவணை தவறினால் மாடும் போகும், நாளடைவில் நிலமும் போகும்.

1846இல் விளைச்சல் பொய்த்தது. தானியமும் உருளைக்கிழங்கும் ஒருங்கே அழிந்தன. அடுத்து வந்த குளிர்காலத்திற் பசி ஊர்களைச் சூழ்ந்தது. அரசாங்கம் தானியம் அனுப்பியது. ஆனால் காசு கொடுப்போருக்கே அதனை வழங்க வேண்டுமெனக் கட்டளையும் இட்டது. காசு உள்ளவன் பட்டினி கிடப்பானா? றைபைசன் அக்கட்டளையைப் புறக்கணித்தார். ஏழைகளுக்குக் கடனாகவே வழங்கினார். வசதி படைத்தோரிடம் நிதி திரட்டிப் பாண் சங்கம் ஒன்றை அமைத்தார். ஊருக்குப் பொதுவாக ஒரு போறணையும் கட்டுவித்தார். கடைவிலையிலும் மிகக் குறைந்த விலைக்கு அங்கே பாண் கிடைத்தது. கடன் பெற்றவர்கள் பின்னர் அதனைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஏழையின் வாக்கை நம்பலாம் என்னும் முதற் பாடத்தை அவர் அந்தப் போறணையின் அருகே கற்றார் என்றே நான் கருதுகிறேன்.

1848இல் பிளாமர்ஸ்பெல்ட் என்னும் பகுதிக்கு மாற்றப்பட்டார். அடுத்த ஆண்டே அங்கு ஓர் உதவிச் சங்கம் எழுந்தது. வசதியுள்ள அறுபது பேர் தங்கள் உடைமைகளையே பிணையாக வைத்துப் பணம் பெற்றனர். அப்பணத்தால் மாடுகளை வாங்கி வறிய உழவருக்குக் கொடுத்து, ஐந்து ஆண்டுத் தவணையில் விலையை அறவிட்டனர். பின்னர் பணமாகவும் கடன் வழங்கினர். 1852இல் றைன் நதிக்கு அண்மையிலுள்ள ஹெடஸ்டோர்ப் நகருக்கு வந்த றைபைசன், 1854இல் அங்கும் ஒரு தரும சங்கத்தை நிறுவினார். உழவருக்குக் கடன் கொடுத்தல், கவனிப்பாரற்ற பிள்ளைகளைப் பராமரித்தல், சிறை மீண்டோருக்கு வேலை தேடிக் கொடுத்தல் ஆகிய யாவும் அதன் பணிகளாயின. இவற்றுக்கிடையே தாம் ஆண்ட பகுதிகளிற் பாடசாலைகள் கட்டுவித்தார். மலைநாட்டு உழவரின் விளைபொருள் றைன் நதிக்கரைச் சந்தைகளை அடையும்படி வீதியும் அமைத்தார்.

இத்தனை செய்தும் ஓர் உண்மை அவரை உறுத்திற்று. இச்சங்கங்கள் யாவும் செல்வரின் இரக்கத்தால் நின்றவை. பிணை நிற்பவர் ஒரு சாரார்; பயன் பெறுபவர் வேறொரு சாரார். முதல் ஆண்டில் இருந்த உற்சாகம் மூன்றாம் ஆண்டில் இருப்பதில்லை. தமக்கு நேரே பயன் தராத ஒன்றுக்காகத் தம் சொத்தைப் பணயம் வைக்க மனிதர் நெடுங்காலம் இசைவதில்லை. பெறுபவனோ என்றும் பெறுபவனாகவே நிற்கிறான்.

இதே காலத்தில் ஹெர்மன் ஷூல்ற்சே-டெலிட்ஷ் என்னும் நீதிபதி, நகரத்துக் கைவினைஞருக்கும் சிறு வணிகருக்கும் கடன் சங்கங்களை நடத்தி வந்தார். கடன் வேண்டுவோரே அங்கத்தவராதல் வேண்டும் என்பது அவரது கொள்கை. கிறித்தவ அன்பையே அடித்தளமாகக் கொண்ட றைபைசனுக்கு இதனை ஏற்பது எளிதாக இருக்கவில்லை. ஆயினும் அநுபவம் அவரை அவ்வழிக்கே கொண்டு வந்தது. 1864இல் ஹெடஸ்டோர்ப் தரும சங்கம் கடனுதவிச் சங்கமாக மாறிற்று. தருமம் பெற்றவர்கள் உரிமையாளராயினர்.

அச்சங்கத்தின் அமைப்பைச் சற்று விளக்குவது தகும். அதன் எல்லை ஒரு கோவிற்பற்று அளவே. ஒருவரை ஒருவர் அறிந்தவர்களே அதில் இருப்பர். ஒருவன் கடனைத் தீர்க்கத் தவறினால் அங்கத்தவர் அனைவரும் தங்கள் முழுச் சொத்தாலும் பொறுப்பாவர். தனியொருவனின் சிறு காணியை நம்பாத உலகம், ஊரவர் எல்லோருடைய காணியையும் ஒன்றாக நம்பிற்று. வைப்புப் பணமும் வந்து சேர்ந்தது. கடன் எதற்கு எனக் கேட்டே கொடுத்தனர். மாடு வாங்கவோ வயலைத் திருத்தவோ எனின் ஆண்டுக் கணக்கில் தவணை உண்டு. கணக்கரைத் தவிர நிருவாகிகள் எவருக்கும் சம்பளம் இல்லை. இலாபம் பங்கிடப்படாது பொதுநிதியிற் சேர்ந்தது. அயலவனின் குணத்தையும் உழைப்பையும் அறிந்தவனே அவனுக்குக் கடன் தீர்மானிப்பவனாதலால், பட்டணத்து வங்கிக்கு எட்டாத அறிவு அந்தச் சிறு சங்கத்திடம் இருந்தது.

இக்காலத்தில் துன்பங்கள் அவரைத் தொடர்ந்தன. 1863இல் மனைவி எமிலி இறந்தார். கண்பார்வை மேலும் மங்கியது. 1865இல், நாற்பத்தேழு வயதில், சிறு ஓய்வூதியத்துடன் பதவியிலிருந்து நீங்கினார். அது போதாமையாற் சுருட்டுத் தொழிலும் பின்னர் வைன் வியாபாரமும் நடத்திக் குடும்பத்தைக் காத்தார். மூத்த மகள் அமாலியா அவருடைய கண்ணாகவும் கையாகவும் இருந்தாள். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். 1866இல் கடனுதவிச் சங்கங்களைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. அதனைப் படித்தவர்கள் தம் ஊர்களிலும் சங்கம் அமைக்க முற்பட்டனர்.

சங்கங்கள் பெருகவே, ஓரிடத்து மிகுதிப் பணத்தை வேறோரிடத்துத் தேவைக்கு உதவச் செய்ய, 1872இல் நொய்வீட் நகரில் மத்திய வங்கி ஒன்றை நிறுவினார். அப்பொழுது ஷூல்ற்சே-டெலிட்ஷ் அவரை வன்மையாக எதிர்த்தார். குறுகிய கால வைப்புப் பணத்தை நீண்ட காலக் கடனாகக் கொடுப்பது ஆபத்து என்பது அவர் வாதம். 1876இல் இவ்விவகாரம் பாராளுமன்றம் வரை சென்றது. அந்த வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. வங்கித்தொழில் அறிந்தோர் இன்றும் அஞ்சும் ஆபத்து அது. எனினும் மூன்று மாதத்தில் உழவனாற் கடன் தீர்க்க முடியாது என்பதும் உண்மையே. றைபைசன் மத்திய வங்கியின் அமைப்பை மாற்றி, அதே ஆண்டில் பங்குக் கம்பெனியாக நிறுவிக் காப்பாற்றினார்.

அவரிடம் குறையே இல்லையென நான் சொல்ல வரவில்லை. அக்காலத்து யூத வெறுப்பின் சாயல் அவருடைய பிற்கால எழுத்துக்களிலும் படிந்துள்ளது. வட்டிக் கொடுமையை ஓர் இனத்தின் குற்றமாகக் காண்பது பிழை. மனிதரை நம்புவதே தம் முதலெனக் கொண்டவர் அதனை உணராமற் போனது வருந்தத்தக்கது.

1888ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், எழுபதாம் பிறந்த நாளுக்குச் சில நாட்களே இருக்க, றைபைசன் காலமானார். அப்பொழுது நானூறுக்கும் மேற்பட்ட சங்கங்கள் இயங்கின. ஒஸ்திரியாவிலும் இத்தாலியிலும் அவர் வழி ஏற்கெனவே பரவியிருந்தது. ஒல்லாந்தின் றபோபாங்க் என்னும் பெயரின் முதலெழுத்துக்களில் அவர் பெயர் மறைந்து நிற்கிறது. வாழ்நாளில் மாறுபட்டு நின்ற இரு பெரியாரின் சங்கங்களும் 1972இல் மேற்கு ஜேர்மனியில் ஒரே சம்மேளனமாக இணைந்தன. கூட்டுறவு என்னும் எண்ணத்தையும் நடைமுறையையும் 2016இல் யுனெஸ்கோ மானிடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

நமக்கும் அவருக்கும் உள்ள உறவு சிறிதன்று. சென்னை மாகாண அரசுக்காக பிறெடறிக் நிக்கல்சன் 1895இலும் 1897இலும் சமர்ப்பித்த அறிக்கை, இந்நாட்டு உழவருக்கும் றைபைசன் போன்ற ஒருவரே தேவை என்னும் முடிவுக்கு வந்தது. அதன் வழியே 1904இல் இந்தியாவிலும் 1911இல் இலங்கையிலும் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டங்கள் பிறந்தன. நம் ஊர்களில் ஐக்கிய நாணய சங்கம் என வழங்கியவை அந்த மரத்தின் கிளைகளே. 1929இல் தோன்றிய யாழ்ப்பாணக் கூட்டுறவு மாகாண வங்கியும் அவ்வழி வந்ததே.

போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் கம்பெனிகள் வீடு தேடி வந்தன. பெண்களைக் குழுவாக்கி ஒருவருக்கு ஒருவரைப் பிணை வைத்தன. கடன்சுமை மிகவே, 2018இல் அரசாங்கமே ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. அது றைபைசன் பிறந்த இருநூறாம் ஆண்டு. பிணை என்னும் உருவம் அவருடையது போலவே தோன்றலாம். ஆனால் அவர் கண்ட சங்கத்திற் கடன் கொடுத்தவரும் ஊரவரே, வட்டியால் வந்த இலாபமும் ஊரின் பொதுநிதியே. நுண்கடனிலோ பிணை மாத்திரம் ஊரினது. இலாபம் வெளியே செல்கிறது. ஒரு கடன் சங்கத்தை மதிப்பிட விரும்புவோர் வட்டி வீதத்தை மாத்திரம் கேட்டு அமையாது, அதன் உரிமையாளர் யாவர் என்றும் கேட்டல் வேண்டும். அவ்வினாவை நமக்குக் கற்பித்தவர் பார்வை மங்கிய அந்த ஊரதிகாரியே.