கோபக்காரராய்ப் பிறந்த சாந்தமான ஆயர்

சனவரி 24ஆம் நாள் திருச்சபை புனித பிரான்சிஸ்கு சலேசியாரின் திருநாளைக் கொண்டாடுகின்றது. 1923ஆம் ஆண்டில் பதினோராம் பத்திநாதர் பாப்பரசர் அவரைக் கத்தோலிக்க எழுத்தாளர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் பாதுகாவலராக அறிவித்தார். ஆகவே பத்திரிகை நடத்தும் எம்போன்றோர் அவருக்குக் கடமைப்பட்டவர்கள்தாம். எனினும் இவ்வாரம் அவரை உங்கள் முன் நிறுத்துவது வேறொரு காரணத்துக்காக.

ஞாயிறு காலையில் பூசைக்குப் புறப்படும் நேரம் உங்கள் வீட்டில் நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு பிள்ளையின் சப்பாத்தைக் காணவில்லை. மற்றப் பிள்ளை இன்னும் முகம் கழுவவில்லை. கோவில் மணியோ அடித்துவிட்டது. தாய் ஏசுகிறாள், தகப்பன் கை ஓங்குகிறார். பின்பு கோவிலிலே எல்லாரும் நற்கருணை வாங்க எழுந்து போகையில், அந்தத் தாய் வாங்கிலேயே இருந்துவிடுகிறாள். கோபப்பட்டுவிட்டேனே, எந்த முகத்தோடு போவேன் என்பது அவள் நினைப்பு. அதே கோவிலில் இன்னொருவர் இருக்கிறார். காணி எல்லைக்காகத் தம் சகோதரனோடு மூன்று வருடமாகக் கதைபேச்சு இல்லாதவர். அவர் தயக்கமேயின்றிக் கைகூப்பி முன்னே போகிறார். இவ்விருவரில் தயங்கியிருக்க வேண்டியவர் யார்? சலேசியாரின் வாழ்வைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

அவர் 1567 ஆகஸ்ட் 21ஆம் நாள் சவோய் நாட்டில், தோறென்ஸ் என்னும் இடத்துக்கு அருகிலிருந்த சலேஸ் மாளிகையில் பிறந்தார். பிரபு குலம்; மூத்த மகன். தகப்பனார் அவரைச் சட்டம் படிப்பித்து, பெரிய உத்தியோகத்தில் இருத்தி, நல்ல இடத்தில் மணம் முடித்துவைக்க எண்ணியிருந்தார். பாரிஸ் நகரில் இயேசு சபையாரின் கல்லூரியிலும், பின்பு இத்தாலியில் பாதுவா பல்கலைக்கழகத்திலும் படித்து, 1591இல் சட்டத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார் மகன். ஆனால் அவர் மனமோ குருத்துவத்தையே நாடியது. தகப்பனாரின் விருப்பத்துக்கு மாறாக 1593 டிசம்பரில் குருவானார்.

பாரிஸில் படித்த காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லாமல் அப்பாற் செல்ல முடியாது. தாம் நரகத்துக்கென்றே குறிக்கப்பட்டவர் என்ற பயங்கர எண்ணம் பத்தொன்பது வயதளவில் அவரைப் பிடித்துக்கொண்டது. உண்ணவும் உறங்கவும் முடியாமல் வாரக்கணக்காக வாடினார். ஒருநாள் தேவதாயின் சுரூபத்தின் முன் முழந்தாளிட்டு, மறுமையில் என்ன ஆனாலும் இம்மையில் இறைவனை நேசிப்பேன் என்று தம்மைக் கையளித்தபோதே அந்தப் பாரம் நீங்கிற்று. தம்மைத் தாமே அளவுக்கு மிஞ்சிக் குற்றஞ்சாட்டும் ஆன்மாக்களோடு பிற்காலத்தில் அவர் அத்தனை பொறுமையாய் நடந்ததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது எமது எண்ணம்.

1594இல் ஜெனீவா ஏரியின் தென்கரையிலுள்ள ஷப்லே பகுதிக்கு அவர் அனுப்பப்பட்டார். அப்பகுதி மக்கள் கல்வின் மதத்தைத் தழுவியிருந்தார்கள். பிரசங்கம் கேட்க வந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். ஆகவே அவர் சிறு துண்டுத்தாள்களை எழுதி, வீட்டுக் கதவுகளின் கீழாலே தள்ளிவிட்டார். (பத்திரிகையாளரின் பாதுகாவலர் ஆனது இதனாலேதான்.) குளிர், பசி, வசைமொழி, உயிருக்கே ஆபத்து எல்லாவற்றையும் கண்டார். ஆயினும் கசப்பான சொல்லுக்குக் கசப்பான சொல்லால் அவர் விடை கொடுக்கவில்லை. நான்கு வருடங்களில் அப்பகுதி பெரும்பாலும் கத்தோலிக்க விசுவாசத்துக்குத் திரும்பிற்று. அரசரின் பலமும் அதற்குத் துணை நின்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

1602இல் ஜெனீவாவின் ஆயராக அபிஷேகம் பெற்றார். அந்நகரம் கல்வின் மதத்தாரின் கையில் இருந்தபடியால், அன்னெசி என்னும் சிறு நகரில் இருந்தே மறைமாவட்டத்தை நடத்தினார்.

இந்த ஆயர் இயற்கையிலே சாந்தமானவர் என்று எண்ணிவிடாதீர்கள். அவரோ இலகுவில் இரத்தம் கொதிக்கும் சுபாவம் உடையவர். அவமதிக்கப்பட்டபோது அவர் முகம் சிவந்ததை அருகில் இருந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். இருபது வருடங்களுக்கு மேலாகத் துளித் துளியாய்ச் சேர்த்த சாந்தம் அது என்று வரலாறு எழுதியோர் கூறுவர். உள்ளம் கொதிக்கும்போது நாவை அசைப்பதில்லை என்று தமக்கும் தம் நாவுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை செய்திருந்தாராம்.

தாம் கற்றதை அவர் 1609இல் வெளிவந்த பத்திமார்க்கத்துக்கு முன்னுரை என்னும் நூலிலே எழுதிவைத்தார். மடத்தில் வாழ்வோருக்காக அன்று, கணவன் பிள்ளைகளோடு வாழ்வோருக்காக எழுதிய நூல். கோபத்தை அளவோடு பாவிக்கலாம் என்று நினைப்பதிலும், அதை வாசலிலேயே நிறுத்துவது எளிது என்கிறார். கோபம் எழுந்தவுடன், புயலில் அகப்பட்ட சீடர்களைப் போல ஆண்டவரைக் கூப்பிட வேண்டும். தவறிவிட்டோமானால், யாரோடு கோபித்தோமோ அவருக்கே உடனே ஓர் அன்பான செயலைச் செய்ய வேண்டும். பச்சைக் காயம் விரைவில் ஆறும். வெளியே தேவதூதராயும் வீட்டுக்குள்ளே பேயாயும் இருப்பவர்களை அவர் அங்கே நன்றாகவே கண்டிக்கிறார். இதை வாசிக்கும்போது எம்மில் எத்தனைபேர் தலைகுனிய வேண்டியிருக்கும்!

அடுத்து அவர் சொல்வதுதான் அந்த வாங்கிலிருந்த தாய்க்கு உரியது. கோபப்பட்டதற்காகத் தன்மேலேயே கோபப்படுவதும் கோபந்தான் என்கிறார் அவர். அதிலே ஒளிந்திருப்பது மனஸ்தாபமல்ல, தன்னைப்பற்றித் தான் வைத்திருந்த உயர்ந்த எண்ணம் உடைந்துபோன வருத்தம். விழுந்துவிட்ட இருதயத்தைத் தாழ்மையோடும் இரக்கத்தோடும் தூக்கி நிறுத்த வேண்டுமாம்.

மறுபக்கத்தையும் பாருங்கள். 1604ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் டிஜோன் நகரில் அவர் பிரசங்கித்தபோது, கைம்பெண் ஒருத்தி அதைக் கேட்டு அமர்ந்திருந்தாள். அவளே பின்னர் புனித ஜேன் பிரான்செஸ் தெ ஷந்தால் ஆனவள். மூன்று வருடங்களுக்கு முன் அவளுடைய கணவர் வேட்டைக்குப் போனபோது நண்பர் ஒருவரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்து மாண்டார். கையிலே நான்கு பிள்ளைகள். மாமனாரின் வீட்டிலோ ஒரு வேலைக்காரி அவளை அடக்கி ஆண்டாள். அந்த நண்பரைக் கணவர் சாகுமுன்னரே மன்னித்துவிட்டார். அவளுக்கோ அவர் முகத்தைப் பார்ப்பதே முடியாத காரியம். சலேசியார் என்ன சொன்னார் தெரியுமா? அவரைத் தேடிப்போக வேண்டாம். ஆனால் அவர் வந்தால் இனிய உள்ளத்தோடு ஏற்றுக்கொள்ள வேண்டும். அப்போது இரத்தம் கொதிக்கும், மனம் கலங்கும், அதனால் என்ன? இறந்துபோன இலாசரைக் காணப் போன ஆண்டவரும் உள்ளம் கலங்கினாரே என்றார். கலக்கத்தைப் பாவமென்று அவர் எண்ணவில்லை. கதவை அடைத்து வைத்திருப்பதையே அனுமதிக்க மறுத்தார். காலம் சென்று அவள் அந்த மனிதரைச் சந்தித்தாள். அவருடைய பிள்ளைக்கு ஞானத்தாயாகவும் நின்றாள். 1610இல் அன்னெசியில் மரியாள் மினவுதல் சபையை இருவரும் சேர்ந்து தொடங்கினார்கள்.

திருச்சபையின் போதனையும் இதுவே. நினையாமல் எழும் கோப உணர்ச்சி பாவமன்று. அதற்கு ஓரளவு இடங்கொடுத்துக் கடுஞ்சொல் சொல்வது பொதுவாக அற்பப் பாவம். பிறனுக்குப் பெருந்தீங்கு வரவேண்டுமென்று தெரிந்தும் மனம்பொருந்தியும் விரும்புவது சாவான பாவம். அந்நிலையில் இருப்பவர் பாவசங்கீர்த்தனம் செய்த பின்னரே நற்கருணை அருந்தலாம். காணிக்கையைப் பீடத்தண்டையில் விட்டுவிட்டுச் சகோதரனிடம் போகும்படி மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னது, பகையை வளர்த்து வைத்திருப்பவரைப் பற்றியது. அன்றாடக் குற்றங்களுக்கோ நற்கருணை மருந்து என்று திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1551இல் கற்பித்தது.

பெரும்பாலானோர் வருடத்தில் சில தடவைகளே நற்கருணை வாங்கிய அக்காலத்தில், சாவான பாவமும் அற்பப் பாவத்தின் மேல் பற்றுதலும் இல்லாதவர்கள் வாரந்தோறும் வாங்கலாம் என்று சலேசியார் எழுதினார். பாவத்தில் விழுவது வேறு, அதன்மேல் பற்றுதல் வைப்பது வேறு. பலசாலிகள் பலவீனராகாதபடியும், பலவீனர் பலமடையும்படியும் அடிக்கடி வரவேண்டும் என்பது அவர் நியாயம்.

வரலாற்றின் விசித்திரத்தைப் பாருங்கள். அவரிடம் ஆன்ம ஆலோசனை பெற்றவர்களில் போர்ட் றோயல் மடத்து அதிபதி ஆஞ்செலிக் அர்னோவும் ஒருவர். அவளுடைய தம்பி அந்துவான் அர்னோவே 1643இல் அடிக்கடி நற்கருணை வாங்குவதைப் பற்றிக் கடுமையான நூல் ஒன்றை எழுதி, எண்ணற்ற நல்ல ஆன்மாக்களைப் பந்தியிலிருந்து விலகி நிற்கச் செய்தவர். அந்தப் பயம் தலைமுறை தலைமுறையாய்த் தொடர்ந்தது. 1905 டிசம்பர் 20ஆம் நாள் பத்தாம் பத்திநாதர் காலத்தில் வெளியான கட்டளை அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. சாவான பாவமில்லாத நிலையும் நேர்மையான கருத்தும் இருந்தால் தினமும் வரலாம் என்றது அது. அற்பப் பாவங்கள் இல்லாதிருப்பது மிகவும் நல்லதே, ஆனால் அவை ஒருவரைத் தடுப்பதில்லை. சலேசியார் கேட்டதிலும் குறைவாகவே இங்கே கேட்கப்படுவதைக் கவனித்தீர்களா?

சலேசியார் 1622ஆம் ஆண்டின் இறுதியில் லியோன் நகரில் இருந்தார். பிரபுக்களின் மாளிகைகள் அவரை அழைத்தும், மினவுதல் சபை மடத்துத் தோட்டக்காரனின் சிறு வீட்டிலேயே தங்கினார். டிசம்பர் 27ஆம் நாள் பூசை செய்து சகோதரிகளுக்கு நற்கருணை வழங்கினார். அன்று பிற்பகல் பாரிசவாதம் அவரைத் தாக்கியது. மறுநாள் இரவு உயிர் துறந்தார். வயது ஐம்பத்தைந்து. உடலைத் திறந்து பார்த்த வைத்தியர்கள் பித்தப்பையில் கற்கள் நிறைந்திருக்கக் கண்டார்கள். அடக்கிய கோபமே கல்லாயிற்று என்று அக்காலத்தவர்கள் பேசிக்கொண்டார்கள். இன்றைய வைத்தியர் எவரும் அதை ஒத்துக்கொள்ளமாட்டார். ஆனாலும் அவரோடு வாழ்ந்தவர்கள் அதை உடனே நம்பிவிட்டார்கள். அவர் முகம் சிவந்ததையும் வாய் மூடியிருந்ததையும் கண்டவர்கள் அவர்கள்.